நரம்பு தைத்த பிறகு: உணர்வு திரும்பும் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் கைநரம்பு அறுபடுவதற்கான காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. வயலில் நெல் அருவி வெட்டும்போது நழுவும் அரிவாள், உடைந்த கண்ணாடி, மரம் அரியும் வாள், போர்க்காலத்துச் செல் துண்டு எனப் பல உண்டு. அறுந்த நரம்பைச் சத்திரசிகிச்சை நிபுணர் தைத்து, காயமும் ஆறிய பின்னர், "நரம்பைத் தைத்தாயிற்று என்றால் விரல் இன்னும் ஏன் உணர்வில்லாமல் விறைத்துக் கிடக்கிறது?" என்று வீட்டார் கேட்கிறார்கள். இதற்கு விடை தெரியாமையே பின்வரும் தவறுகளில் பாதிக்குக் காரணம்.

நரம்பு அறுந்ததும் வெட்டுக்குக் கீழேயுள்ள நார்கள் அழிந்துவிடுகின்றன. ஒகஸ்டஸ் வாலர் இதனை 1850ஆம் ஆண்டிலேயே தவளையின் நரம்புகளில் கண்டு விவரித்தார். தையல் இணைப்பது நரம்பின் உறையை மட்டுமே. அந்த உறையின் வழியே மேல்முனையிலிருந்து புதிய நார்கள் வளர்ந்து விரல்வரை வந்து சேர வேண்டும். தொடக்கத்தில் சில வாரத் தாமதத்திற்குப் பின்னர் அவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வளர்கின்றன. மணிக்கட்டில் அறுந்திருந்தால், ஏறத்தாழ 18 சென்றிமீற்றர் தொலைவிலுள்ள விரல்நுனிக்கு ஆறேழு மாதங்களாவது தேவை. மேற்கையில் அறுந்திருந்தால் ஒன்றரை ஆண்டையும் தாண்டலாம். ஆகவே மூன்றாம் மாதத்தில் "இது சரிவராது" என்று கிளினிக் போவதை நிறுத்துவது முதற்பெருந் தவறு.

அந்தக் கிளினிக்கில்தான் நரம்பின் பாதையை விரலால் தட்டிப் பார்ப்பார்கள். தட்டும் இடத்தில் மின்சாரம் பாய்வது போன்ற கூச்சம் எழுந்து, அந்த இடம் மாதத்துக்கு மாதம் விரலை நோக்கி நகர்ந்தால் நார்கள் வளர்கின்றன என்று பொருள். தினெல் என்ற பிரெஞ்சு மருத்துவரும் ஹொஃப்மன் என்ற ஜேர்மானியரும் 1915ஆம் ஆண்டில் தனித்தனியே எழுதிவைத்த அறிகுறி இது. இந்தக் கூச்சத்தை நோய் முற்றுவதாக எண்ணிப் பயப்படுவது வீண். மாறாக, அது தையல் இட்ட இடத்திலேயே மாதக்கணக்கில் அசையாமல் நின்றால் அலட்சியம் செய்யக்கூடாது. நரம்பு சென்று சேராத தசைகள் ஒன்றரை ஆண்டளவில் மீட்க முடியாதவாறு மெலிந்துவிடக்கூடும் என்பதால், மறு சத்திரசிகிச்சை தேவையா என்ற முடிவு காலத்தோடு எடுக்கப்பட வேண்டியது.

மிகுந்த கேடு விளைவிப்பது ஒத்தடம் என்றே சொல்வேன். விறைப்பு என்றதும் சுடுமணலையோ வறுத்த உப்பையோ துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. வைப்பவருக்கு இதமாக இருக்கும் சூடு, உணர்வற்ற தோலைக் கொப்பளமாக்கிவிடும், கைக்குரியவருக்கோ அது தெரியவே தெரியாது. விறகடுப்பிலிருந்து உலைப்பானையை இறக்கும்போதும் இதே ஆபத்துத்தான்: பிடிதுணி விலகி விரல் பானையில் பட்டால், சுட்டதை அறிவிப்பது வலியல்ல, கண்ணும் மூக்கும். எனவே வெந்நீரை மற்றக் கையால் தொட்டுப் பார்த்த பின்பே பயன்படுத்த வேண்டும். அடுப்பு வேலையை இயன்றவரை பிறரிடம் விட வேண்டும். மண்வெட்டிப் பிடியைத் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிப்பதும் உணர்வற்ற கையின் இயல்பு. மாலையில் வெளிச்சத்தில் உள்ளங்கையைப் பார்த்து, இருபது நிமிடமாகியும் மறையாத சிவப்பு இருந்தால் அந்த வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். நரம்பிழந்த தோல் வியர்க்காது, காய்ந்து வெடிக்கும். நீரில் சற்று ஊறவைத்துத் தேங்காயெண்ணெய் பூசினால் போதும்.

நார்கள் வந்து சேரத் தொடங்கியதும் எதிர்மாறான தொல்லை வரும். சட்டைத் துணி உரசினாலே எரியும், மார்கழிப் பனிக்குக் கை கடுக்கும். அதற்காகக் கையைத் துணியால் சுற்றி மறைத்து வைப்பவர்கள் கூச்சத்தை நீட்டிக்கிறார்கள். பஞ்சிலிருந்து பருத்தித் துணிக்கும், அதிலிருந்து சாக்குக்கும் படிப்படியாக உரசிப் பழக்குவதும், சட்டியில் அரிசியை நிரப்பிக் கையைப் புதைத்து அளைவதும் இயன்மருத்துவர்கள் சொல்லும் பயிற்சிகள். குளிர்க் கடுப்பு மட்டும் ஆண்டுக்கணக்கில் தொடரலாம்.

வலி, சூடு போன்ற காக்கும் உணர்வு முதலில் திரும்பும். ஒரு பொருளைத் தொட்டே இன்னதென்று அறியும் நுண்ணுணர்வு கடைசியில்தான். இங்கே மூளைக்கும் வேலை உண்டு. நார்கள் பழைய இடத்துக்கே சரியாகப் போய்ச் சேர்வதில்லையாதலால், ஆட்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலில் தொட்டதாகத் தோன்றலாம். இதைத் தோல்வியென்று கருதிவிடுகிறார்கள். உண்மையில் மூளை புதிய வரைபடத்தைக் கற்க வேண்டிய கட்டம் இது. கச்சான், புளியங்கொட்டை, உளுந்து, நாணயம், சாவி ஆகியவற்றை ஒரு தட்டில் இட்டு, கண்ணை மூடித் தடவிப் பெயர் சொல்லி, கண்ணைத் திறந்து சரிபார்த்து, மீண்டும் மூடித் தடவ வேண்டும். ஒரேயடியாக ஒரு மணி நேரம் செய்வதைவிட, இரைச்சலற்ற நேரத்தில் பத்துப் பதினைந்து நிமிடங்களாக நாளுக்குச் சில தடவைகள் செய்வதே பயன் தரும். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு தடவினால் விரல் தேயுமே தவிர மூளை எதையும் கற்காது. சிறுவர்கள் பெரியவர்களைவிட நன்றாகத் தேறுவதற்கு, அவர்களின் மூளை விரைவில் மாற்றிக் கற்பதும் ஒரு காரணம்.

தைத்த நரம்பு இழுபடாதிருக்கப் போட்ட பட்டையை, அறுவடை வந்துவிட்டதென்று, மருத்துவர் சொன்ன நாளுக்கு முன்பே கழற்றுவது தையலைக் குலைக்கும். கழற்றச் சொன்ன பின்பும் அசைக்காதிருப்பது மூட்டை இறுக்கும். புகைத்தலும் கட்டுப்படாத நீரிழிவும் தேறுதலைக் கெடுக்கும். "நரம்புக் குளிசை" என்று பி வகை விற்றமின்களைப் பார்மசியில் தாமாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதில், விற்றமின் குறைபாடு இல்லாதவருக்கு நார் விரைவாக வளரும் என்பதில்லை. மாறாக, பி6 விற்றமினை அதிக அளவில் நெடுநாள் உட்கொண்டால் அதுவே நரம்பைப் பழுதாக்கும்.

2009இல் போரில் காயப்பட்டு நரம்பு தைக்கப்படாமலே விட்டவர்களிடம் "இனி ஒன்றும் செய்யேலாது" என்று சொல்லிவிடுவதும் சரியல்ல. மெலிந்த தசையை மீட்க முடியாதுபோனாலும், இயங்கும் வேறொரு தசையின் தசைநாணை இடம்மாற்றி விரலை அசைக்க வைக்கும் சத்திரசிகிச்சை உண்டு. அதற்குத் தகுதியா என்று நிபுணர் பார்த்தே சொல்ல வேண்டும். அத்தகையோர் எம்ஆர்ஐ ஸ்கானுக்குப் போவதானால், உடலில் செல் துண்டு கிடப்பதை யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். காந்தப் புலத்தில் இரும்புத் துண்டு நகரக்கூடும்.