குதிகால் வலிக்கு 320 பவுண்டு கொடுத்த கதை

இங்கிலாந்துக்கு வந்ததும் பக்கத்து ஜி.பி.யில் (குடும்ப டாக்டரிடம்) குடும்பம் முழுவதையும் பதிந்துவிடுங்கள். விலாசச் சான்று கட்டாயமில்லை. 16 வயதுக்குக் கீழ் மருந்துச் சீட்டுக்குக் காசு கிடையாது. ராத்திரி அவசரச் சந்தேகத்துக்கு 111 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்யலாம். சரி, நான் சொல்ல வந்தது வேறு.

என் மகனுக்குப் பத்து வயது. செப்டம்பரில் பள்ளியில் கால்பந்து ஆரம்பித்த இரண்டாவது வாரமே குதிகால் வலித்து நுனிக்காலில் நடந்து வீடு வந்தான். "வளர்ற பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும்" என்று அம்மா ஊரிலிருந்து ஃபோனில் சொன்னார். நானும் தைலம் தேய்த்துவிட்டேன். ஆனால் வளர்ச்சி வலி அப்படி வராது. பெரும்பாலும் சாயங்காலமோ ராத்திரியோ இரண்டு காலிலும் வரும், விடிந்தால் போய்விடும், பிள்ளையை நொண்ட வைக்காது.

ஊரில் நேராக எலும்பு டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுத்துப் பழகியவர்கள் நாம். ஜி.பி.யில் இரண்டு வாரம் காத்திருக்கச் சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. தனியார் பாத கிளினிக் ஒன்றுக்குப் போனோம். தட்டைப் பாதம் என்று அச்செடுத்து, ஷூவுக்குள் வைக்கும் அட்டை செய்து தந்தார்கள். 320 பவுண்டு! ஏழே மாதத்தில் கால் வளர்ந்து அட்டை சின்னதாகிவிட்டது. வலியும் தீரவில்லை. வலியில்லாத தட்டைப் பாதத்துக்குப் பொதுவாக வைத்தியமே தேவையில்லை என்பதை நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

கடைசியில் ஜி.பி. அனுப்பிய பிசியோ குதிகாலின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினார், பையன் துள்ளிவிட்டான். சீவர்ஸ் என்ற குதிகால் பிரச்சினை என்றார், எக்ஸ்ரேகூடக் கேட்கவில்லை. எட்டிலிருந்து பதினான்கு வயது வரை ஓடியாடும் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவதாம். குதிகால் எலும்பின் பின்னால் இருக்கும் வளர்ச்சிப் பகுதி இன்னும் இறுகியிருக்காது. எலும்பு வேகமாக நீளும்போது கெண்டைக்கால் தசை இறுகி, ஒவ்வொரு ஓட்டத்திலும் அதைப் பிடித்து இழுக்கிறது. வளர்ச்சி முடிந்ததும் தானாகத் தீர்ந்துவிடும்.

ஓட்டத்தைச் சில வாரம் குறைத்தோம். ஆடியபின் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம், சுவரில் கைவைத்துக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, மருந்துக்கடையில் சில பவுண்டுக்கு வாங்கிய குதிகால் மெத்தை இரண்டு ஷூவிலும். அப்புறம், அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று பெரிய அளவில் ஷூ வாங்காதீர்கள், குதிகால் உள்ளே வழுக்கும். நான் தேனியில் செம்மண்ணில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவன். இங்கே கட்டாந்தரையில் ஆணி பூட்ஸோடு ஓடும் பிள்ளையைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

காய்ச்சல், வீக்கம், சிவப்பு, தூக்கத்தைக் கலைக்கும் வலி, காலை ஊன்றவே முடியாமை இருந்தால் அன்றே ஜி.பி.யைக் கூப்பிடுங்கள். மற்றபடி விளையாட்டு ஆசிரியருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். அந்த வாரங்களில் நாங்கள் அவனை நீச்சலுக்கு அனுப்பினோம். தண்ணீரில் குதிகாலுக்குப் பாரமே இல்லை.