ப்ளோயர் மோட்டாரை வீட்டிலேயே மாற்றப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சமவெளியில் இருப்பவர்களுக்கு ப்ளோயர் என்றால் ஏசிதான். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கார் ஓட்டுகிறவர்களுக்கு அது ஹீட்டரும்கூட. இரண்டுக்கும் காற்றைத் தள்ளுவது ஒரே மோட்டார். டிசம்பர், ஜனவரியில் இங்கே புல்லில் உறைபனி படியும் காலையில் ப்ளோயர் சுற்றவில்லை என்றால் குளிரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முன்கண்ணாடியின் உள்பக்கம் படியும் ஆவியை விரட்ட வழியில்லாமல் போவதுதான் ஆபத்து. கொண்டை ஊசி வளைவில் ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

இப்போது நிறையப் பேர் இந்த வேலையைத் தாங்களே செய்கிறார்கள். நல்ல விஷயம். நம் ஊர் கார்களில் பெரும்பாலும் இடது பக்க குளோவ் பாக்ஸைக் கழற்றினால் மோட்டார் கைக்கு எட்டிவிடும். இரண்டு மூன்று ஸ்க்ரூ, ஒரு கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் சொருகி), அவ்வளவுதான். ஆனால் தொழில் பழகிய காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். ஸ்க்ரூவைத் தொலைப்பது, குளோவ் பாக்ஸ் லாக்கை உடைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒருமுறை நடந்தால் தானாகவே பாடமாகிவிடும்.

காற்று வரவில்லை என்றதும் மோட்டாரை வாங்கிவிடுவது

முதலில் குமிழை ஒவ்வொரு வேகமாகத் திருப்பிப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்றில் காற்றே இல்லை, நாலில் மட்டும் முழுதாக வருகிறது என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. போனது ரெசிஸ்டர். குறைந்த வேகங்களில் மின்சாரம் அந்த ரெசிஸ்டர் வழியாகத்தான் மோட்டாருக்குப் போகிறது. கடைசி வேகத்துக்கு அது தேவையில்லை, நேராகவே போய்விடும். எந்த வேகத்திலும் அசைவில்லை என்றால் பியூஸ், ரிலே, எர்த் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு), ஸ்விட்ச் எல்லாவற்றையும் பார்த்த பிறகே மோட்டார். ஸ்விட்சைப் போட்டுவிட்டு மோட்டாரின் உடம்பை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் சுற்ற ஆரம்பிக்கிறதா? அப்படியானால் சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது, மோட்டார்தான் மாற்ற வேண்டும். மோட்டார் சுற்றும் சத்தம் நன்றாகக் கேட்கிறது, காற்று மட்டும் குறைவு என்றால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் கிளைமேட் கண்ட்ரோல் உள்ள கார்களில் இந்தக் கணக்கு வேறு. அங்கே கம்பிச்சுருள் ரெசிஸ்டருக்குப் பதிலாக டிரான்சிஸ்டர் மாட்யூல் இருக்கும். அது போனால் ப்ளோயர் ஒரே வேகத்தில் நின்றுவிடலாம், அல்லது வண்டியை நிறுத்திய பிறகும் ஓடிக்கொண்டே இருக்கலாம்.

கருகிய கப்ளரிலேயே புது ரெசிஸ்டரைச் செருகுவது

இதைப் பார்க்கும்போது இன்னமும் எனக்குக் கோபம் வருகிறது. தெரியாமல் செய்கிறவர்கள் மேல் அல்ல. தெரிந்திருந்தும் பத்து நிமிஷம் மிச்சம் பிடிக்க இதைச் செய்து கொடுப்பவர்கள் மேல்.

போன மழைக்காலத்தில் ஒரு பையன் பழைய ஹேட்ச்பேக் ஒன்றைக் கொண்டுவந்தான். ஒரே வருடத்தில் மூன்றாவது ரெசிஸ்டர். "எல்லாம் டூப்ளிகேட்டா வருதுண்ணா, ஒரிஜினல் எங்க கிடைக்கும்?" என்று கேட்டான். "ரெசிஸ்டரை விடு தம்பி, கப்ளரைக் காட்டு" என்றேன். கழற்றிக் காட்டினான். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் பழுப்பேறி ஒரு மூலையில் உருகி வழிந்திருந்தது. ஒயரின் மேல்தோல் இரண்டு விரல் அளவுக்குக் கருகி, தொட்டால் உதிர்ந்தது. முதல் ரெசிஸ்டரை மாட்டிய கடைக்காரரும் இதைப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டு மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் யாரும் அந்த வேலையைச் செய்ய மாட்டார்கள். சின்னக் காரின் ப்ளோயரே முழு வேகத்தில் 15 ஆம்பியர் வாக்கில் இழுக்கும். கப்ளருக்குள் இருக்கும் பெண் டெர்மினல், ஸ்பிரிங் மாதிரி பின்னை இறுகக் கவ்வியிருக்க வேண்டும். ஒருமுறை அதிகமாகச் சூடானால் அந்தப் பிடி தளர்ந்துவிடும், மேலே ஆக்சைடும் படியும். அந்த இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை வந்தால்கூடப் போதும். 15 ஆம்பியரில் அங்கே மட்டும் 22.5 வாட் வெப்பம் உண்டாகும். வீட்டில் போர்டு வேலைக்கு வைத்திருக்கும் 25 வாட் சோல்டரிங் அயனை கப்ளருக்குள் செருகி வைத்துவிட்டு மணிக்கணக்கில் வண்டி ஓட்டுகிற மாதிரி. அந்தச் சூடு பின் வழியாகப் புது ரெசிஸ்டருக்குள்ளும் போகும். இரண்டே மாதத்தில் அதுவும் போகும். பழி டூப்ளிகேட் மேல் விழும்.

சரி, முதல் தடவை ஏன் சூடானது? பாதிப் பேர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. நான் பார்த்த கருகிய கப்ளர்கள் பலவற்றின் பின்னால் வயதான மோட்டார் இருந்தது. தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்து இறுகினால் மோட்டார் சுற்றத் திணறும். திணறும் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும். குறைந்த வேகங்களில் அந்த அதிகப்படி ஓட்டம் முழுவதும் ரெசிஸ்டரையும் கப்ளரையும் தாண்டித்தான் போக வேண்டும். அதோடு, ரெசிஸ்டரைக் காற்றுப் பாதைக்குள் நீட்டி வைத்திருப்பதே அதே ப்ளோயர் காற்று அதைக் குளிர்விக்கட்டும் என்றுதான். மோட்டார் மெதுவாகச் சுற்றினால் சூடு கூடும், குளிர்விக்கும் காற்று குறையும்.

அடைத்துப்போன கேபின் ஃபில்டரும் இங்கே சேர்கிறது, ஆனால் எல்லோரும் நினைக்கிற விதத்தில் அல்ல. ஃபில்டர் அடைத்தால் மோட்டாருக்குச் சுமை கூடும் என்று சொல்வார்கள். இந்த வகை உருளை விசிறியில் காற்றோட்டம் குறைந்தால் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறையத்தான் செய்யும். ரெசிஸ்டருக்குக் காற்று கிடைக்காமல் போவதுதான் சிக்கல்.

அதனால் ரெசிஸ்டர் போனால் மோட்டார், கப்ளர், ஃபில்டர் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மோட்டாரைக் கழற்றி விசிறியைக் கையால் சுண்டிவிடுங்கள். தடையில்லாமல் சில சுற்று ஓடி நிற்க வேண்டும். உடனே நின்றாலோ, தண்டு பக்கவாட்டில் ஆடினாலோ, அந்த மோட்டாரை வைத்துக்கொண்டு புது ரெசிஸ்டர் போடாதீர்கள். டிசி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் முழு வேகத்தில் அளந்து பாருங்கள். சின்ன வண்டியில் 20க்கு மேல் போனால் மோட்டாரைச் சந்தேகப்படலாம்.

கப்ளர் நிறம் மாறியிருந்தால் ஒயரோடு சேர்ந்த புதுக் கப்ளர் வாங்குங்கள். உள்ளே இருக்கும் செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம் வரை பழைய ஒயரை வெட்டித் தள்ளுங்கள். கறுத்துப்போன செம்பில் கிரிம்ப்பும் (ஒயர் மேல் நசுக்கி இறுக்கும் உலோக இணைப்பு) பிடிக்காது, ஈயமும் ஒட்டாது. வண்டியில் இருந்த அதே தடிமன் ஒயர்தான் போட வேண்டும், வீட்டு லைட்டுக்குப் போடும் மெல்லிய ஒயர் ஆகாது. இணைப்புக்கு நான் நம்புவது சரியான பிளையரால் அழுத்திய கிரிம்ப், அதன்மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். முறுக்கி டேப் சுற்றுவது இணைப்பே அல்ல. எல்லா இணைப்பையும் ஒரே இடத்தில் அடுக்காமல் முன்னே பின்னே வைத்தால் கட்டும் தடிமனாகாது, ஒன்றோடொன்று உரசாது.

அந்தப் பையனுக்கு மோட்டார், ரெசிஸ்டர், கப்ளர் மூன்றும் மாற்றினோம். முதல் தடவையே கப்ளரைப் பார்த்திருந்தால் இரண்டு ரெசிஸ்டர் காசு மிச்சம். காசுகூடப் போகட்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால், பஞ்சும் பிளாஸ்டிக்கும் நிறைந்த இடத்தில், ஒயர் கருகும் வண்டியில் அவன் தன் அம்மாவை உட்கார வைத்து மேட்டுப்பாளையம் வரை போய் வந்துகொண்டிருந்தான்.

பெரிய பியூஸ் போடுவது

30 இருந்த இடத்தில் 40 போட்டால், பியூஸ் உருக வேண்டிய நேரத்தில் ஒயர் உருகும். கூடவே கூடாது.

மீட்டரில் 12 வோல்ட் வருகிறது என்று நம்புவது

கப்ளரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்தால், ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயர்கூட 12 காட்டும். மீட்டர் கிட்டத்தட்ட ஒன்றுமே இழுப்பதில்லை, அதனால் கெட்ட இணைப்பு தன்னைக் காட்டிக்கொள்ளாது. சுமை கொடுத்துத்தான் சோதிக்க வேண்டும். பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 55 வாட் பல்பு நாலரை ஆம்பியர் இழுக்கும். மோட்டார் கப்ளரில் அதை மாட்டி, குமிழை முழு வேகத்தில் வைத்தால் பளிச்சென்று எரிய வேண்டும். மங்கினால் கோளாறு மோட்டாருக்கு முன்னாலேயே இருக்கிறது.

எர்த்தைச் சோதிக்க இன்னும் எளிய வழி உண்டு. மோட்டாரை ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை மோட்டாரின் எர்த் பின்னிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ துரு. எர்த் பக்கம் ஸ்விட்ச் வைத்த வண்டிகளில் அந்தக் குறைவு ஸ்விட்சிலும் இருக்கலாம், அதனால் முழு வேகத்தில் வைத்து அளக்க வேண்டும்.

சுற்றும் திசையைப் பார்க்காதது

சென்னைப் புதுப்பேட்டை மாதிரி இடங்களில் பழைய மோட்டார் வாங்குகிறவர்கள் ஒயர் நிறத்தை நம்பி பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். மோட்டார் சுற்றும், காற்றும் வரும். இந்த விசிறி தலைகீழாகச் சுற்றினாலும் காற்றை அதே வாய் வழியாகத்தான் தள்ளும், ஆனால் பலவீனமாக. உடனே மோட்டார் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போவார்கள். கழற்றும்போதே பழைய விசிறி எந்தப் பக்கம் சுற்றுகிறது, இதழ்கள் எந்தப் பக்கம் வளைந்திருக்கின்றன என்று போனில் வீடியோ எடுத்து வையுங்கள்.

விசிறி இதழில் இருக்கும் சின்னக் கிளிப்பைப் பிடுங்குவது

அது குப்பை அல்ல, பேலன்ஸ் எடை. பிடுங்கினால் டேஷ்போர்டே அதிரும்.

மஞ்சள் கப்ளர்

ஏர்பேக்குக்கு உரியது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிஷம் பொறுத்திருந்து வேலையை ஆரம்பியுங்கள். அப்போதும் அதைத் தொடாதீர்கள்.

கிறீச்சிடும் மோட்டாருக்கு ஸ்ப்ரே அடிப்பது

துரு நீக்கும் ஸ்ப்ரே புஷ்ஷில் ஊறியிருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும். ஒரு வாரம் சத்தம் இருக்காது, அப்புறம் முன்னைவிட மோசமாக வரும். கார்பன் தூளோடு கலந்து, பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரில் பசையாகப் படிந்தால் மோட்டார் நின்றேவிடும். "டக் டக்" என்ற சத்தம் மட்டும் என்றால், எதுவும் அடிக்கும் முன் விசிறிக்குள் கைவிட்டுப் பாருங்கள். காய்ந்த இலையோ எலி இழுத்து வந்த பஞ்சோ சிக்கியிருக்கும்.

தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் புது மோட்டார் போடுவது

கழற்றிய மோட்டாரின் தண்டில் துரு இருந்தால், வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தை உடனே திறந்து பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் நிறுத்தும் வண்டிகளில் அங்கே இலை மக்கி மண்ணாகவே ஆகியிருக்கும். வடிகால் அடைத்தால் மழைத்தண்ணீர் காற்று உள்ளே போகும் வாய் வழியாக நேரே ப்ளோயர் மேல் இறங்கும். இலையை அள்ளி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அது சக்கரத்துப் பக்கம் வெளியே வடிகிறதா என்று பார்த்த பிறகுதான் புது மோட்டாரை வையுங்கள். பல மோட்டார்களில் உடம்பைக் குளிர்விக்கக் காற்று கொண்டுவரும் சின்ன ரப்பர் குழாய் இருக்கும். அதைத் திரும்ப மாட்ட மறந்தால் புது மோட்டாரும் சூட்டில் போகும்.

எல்லாவற்றையும் மூடிவிட்டுச் சோதிப்பது

குளோவ் பாக்ஸைத் திரும்ப மாட்டும் முன் கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். இன்னொரு கால் மணி நேரம் இரண்டாம் வேகத்தில். பிறகு மோட்டார் கப்ளர், ரெசிஸ்டர் கப்ளர் இரண்டின் பிளாஸ்டிக்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் நிறுத்தி, அந்தக் கப்ளரை மறுபடி கழற்றிப் பாருங்கள்.