விண்ணாங்கில் ஒரு வில்

எங்கள் ஊர்க் கூத்துக்கு அருச்சுனன் வில் செய்து கொடுப்பது என் வேலை. மூங்கிலை வளைத்து, மினுங்கல் தாள் சுற்றி, கயிறு கட்டினால் மேடையில் அது காண்டீபம். இரண்டு வருசத்துக்கு முதல் பக்கத்து வீட்டுப் பெடியன் அதை வாங்கி இழுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, இது உண்மையா எய்யுமோ?" என்று கேட்டான். முப்பது வருசமாகக் கதவும் யன்னலும் கட்டிலும் செய்கிறவனுக்கு அந்தக் கேள்வி சுட்டது. அதற்குப் பிறகு ஏழு வில் செய்திருக்கிறேன். மூன்று ஒடிந்துவிட்டன. நாலு எய்கின்றன.

வன்னியில் உறுதியான மரம் என்றால் பாலையும் முதிரையும்தான் எல்லார் வாயிலும் வரும். பாலை வீட்டு வளைக்கு நல்லது. வில்லுக்குப் பாரம் கூட. முதிரை பார்க்க வடிவு, ஆனால் நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னி ஓடும், வளைத்தால் சிராய் கிளம்பும். என் முதல் வில் முதிரைதான். முதல் நாளே போய்விட்டது. இப்போது நான் எடுப்பது விண்ணாங்கு. இலையின் மேற்பக்கம் பச்சை, கீழ்ப்பக்கம் சாம்பல் தடவியதுபோல வெளிறல்; காற்றடித்தால் மரமே நிறம் மாறித் தெரியும். எங்கள் அப்பு கோடரிப்பிடிக்கும் காவுதடிக்கும் இதைத்தான் வெட்டுவார். இரண்டு வாளி தண்ணியோடு நடக்கும்போது காவுதடி மேலும் கீழும் துள்ளவேண்டும், அப்போதுதான் தோள் நோகாது என்பார். துள்ளிவிட்டுத் திரும்பி நேராகிற தடி எதுவோ, அதுதான் வில்லுக்கும் தடி.

எங்கே வெட்டுவது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒதுக்குக் காட்டில் கத்தி வைத்தால் வன இலாகாவுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். நான் வெட்டுவது என் மேட்டுக்காணி எல்லையில் நிற்பதை. பழக்கமில்லாத பற்றைக்குள் தடி தேடி இறங்காதீர்கள். கண்ணிவெடி என்று எச்சரிக்கிற மண்டையோட்டுப் பலகை கழற்றின இடமென்றாலும் ஊராரிடம் கேட்டுவிட்டுத்தான் நான் கால் வைப்பேன்.

மூன்று அங்குலக் குறுக்களவு, ஆறடிக்குக் கணு இல்லாத நேர்த்தண்டு. பட்டையில் ஓடும் கோடுகளைக் கீழிருந்து மேலே விரலால் தடவிப் பாருங்கள். கோடு கயிறு முறுக்கினதுபோலச் சுற்றிப்போனால் உள்ளே நாரும் அப்படித்தான். விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். வெட்டுவதற்குத் தை மாதம் நல்லது. மாரி ஈரம் மரத்தில் இருக்கும், பட்டை கையாலேயே உரியும், முன்னால் காய்வதற்குக் கோடையும் இருக்கிறது.

வெட்டியவுடன் இரண்டு முனைக்கும் பெயின்ற் பூசுங்கள். அப்பு காலத்தில் சாணியும் களியும். பூசாவிட்டால் முனை வழியாக ஈரம் ஓடி, வெடிப்பு உள்ளே போகும். பிறகு கோடரியும் மர ஆப்பும் வைத்து நடுவால் பிளக்க வேண்டும். வாளால் அரியக் கூடாது. வாள் நேராகப் போகும், நார் நேராகப் போகாது. ஆப்பு நாரோடு போகும்.

பிளந்த பாதியில் பட்டைக்கு உள்ளே இருந்த வளைந்த பக்கம் வில்லின் முதுகு. எய்யும்போது குறியைப் பார்த்து நிற்பது. பிளந்த பக்கம் வயிறு, உங்களைப் பார்ப்பது. இழுக்கும்போது முதுகு நீளப் பார்க்கும், வயிறு நசுங்கும். ஆகவே பட்டையை உரித்த பிறகு முதுகில் சீவுளியோ உளியோ படவே கூடாது. ஒரு நார் அறுந்தால் அந்த இடத்தில்தான் வில் முறியும். என் இரண்டாவது வில் அப்படித்தான் போனது. முதுகில் சின்னப் புடைப்பொன்று நின்றது. தச்சன் கை சும்மா இருக்குமா, சீவி மட்டமாக்கினேன். நாலாம் தரம் இழுக்க, சீவின இடத்தில் சடார். மேடு பள்ளம் இருந்தால் இருக்கட்டும். வேலை முழுவதும் வயிற்றுப் பக்கம்.

அளவு: ஐந்தடி ஆறு அங்குலம். நாணை இழுக்கிற நீளத்தைப்போல இரண்டரை மடங்கு வைத்துக்கொண்டால் பயமில்லை. நான் இழுப்பது 26 அங்குலம். நடுவில் நாலு அங்குலம் பிடி. பிடியின் அகலம் ஒன்றேகால் அங்குலம். அதன் தடிப்பில் கை வைக்க வேண்டாம், அது வளையக்கூடாது. பிடியைத் தாண்டியதும் வில்லின் இரண்டு கையும், அதாவது இரண்டு பக்கத்துப் பாதிகளும், ஒன்றேமுக்கால் அங்குல அகலத்துக்கு விரிந்து, பாதி வழியிலிருந்து மெல்ல ஒடுங்கி, நுனியில் அரை அங்குலமாக முடியவேண்டும். பச்சையாக இருக்கும்போதே கைகளின் தடிப்பை ஓர் அங்குலத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். முழுத்தடி காய ஒரு வருசம் போகும்; இப்படி மெலித்தது இரண்டு மூன்று மாதத்தில் காயும்.

காய வைப்பது நிழலில், நேரான பலகையோடு சேர்த்துக் கட்டி. முதுகுக்குத் தேன்மெழுகு தேய்த்தால் வெடிக்காது. நான் குசினி அட்டாளையில் போடுவேன். புகைக்கு உளுக்கிற வண்டு வராது. காய்ந்ததை எப்படி அறிவது? கிழமைக்கு ஒருக்கா சந்திக் கடைத் தராசில் நிறுத்து, சுவரில் கரியால் எழுதுவேன். மூன்று கிழமை தொடர்ந்து ஒரே நிறை வந்தால் காய்ந்தது. கடைக்காரர் முதலில் சிரித்தார். இப்போது அவரே, "என்ன, இன்னும் இறங்குதோ?" என்று கேட்கிறார்.

மூன்றாவது வில் ஒடிந்த கதை வேறு. அது ஒரு பழைய மரத்தின் நேர்க்கொப்பு. நார் நல்லது, வளைவும் வடிவாக வந்தது, பாதி இழுவையில் முறிந்தது. முறிந்த வாயைப் பார்த்தால் நகமளவு இரும்பு. ஷெல் துண்டு. சுற்றிவர மரம் நீலக்கறுப்பாக ஊறியிருந்தது; மரத்துத் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் அந்த நிறம் வரும். துண்டு போன பாதையை மரம் மூடி, மேலே பட்டையும் போர்த்து, ஒன்றும் நடக்காததுபோல வளர்ந்திருக்கிறது. 2009 போரைக் கண்ட மரங்களை அரிகிறவர்களுக்கு இது தெரியும், எத்தனை வாள் பல்லுப் போயிருக்கிறது. இப்போது பழுதான ஒலிபெருக்கியின் காந்தத்தை நூலில் கட்டி, தடி மெலிந்த பிறகு நீளத்துக்கும் நகர்த்திப் பார்க்கிறேன். நூல் சாய்ந்தால் அந்தத் தடி அடுப்புக்குக்கூடப் போகாது. என்ன துண்டு என்று யாருக்குத் தெரியும்.

காய்ந்த தடியை வில்லாக்குவது சுரண்டல். சீவுளியை வைத்துவிட்டு, அரத்தையும் உடைந்த போத்தில் கண்ணாடியையும் எடுங்கள். கண்ணாடி விளிம்பு தாள் மாதிரி மெல்லிசாகச் சுருள் எடுக்கும். முதலில் நுனியைத் தரையில் ஊன்றிப் பிடியை அமத்திப் பாருங்கள். இரண்டு கையும் ஒரேமாதிரி அசையும்வரை வயிற்றில் எடுங்கள். பிறகு நுனிகளில் நாண் மாட்டச் சரிவாக வெட்டி, தொய்வான கயிறொன்று கட்டி, கொட்டில் சுவரில் ஒரு கட்டையின் மேல் பிடியை வையுங்கள். கீழே ஒரு கப்பி. கயிற்றைக் கப்பி வழியாக இழுத்தால் ஆறடி தள்ளி நின்று வளைவைப் பார்க்கலாம். இடையில் ஒரு தொங்கு தராசைக் கொழுவுங்கள். எனக்கு வேண்டியது 30 இறாத்தல் வில், அதாவது 14 கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. முள் அந்த 14ஐத் தொட்டதும் நிறுத்துவேன், அப்போது ஐந்து அங்குலம்தான் வளைந்திருந்தாலும். சுரண்டச் சுரண்ட அதே நிறைக்குக் கூட நீளம் வரும்.

விறைத்து நிற்கும் இடத்தைப் பென்சிலால் கீறுங்கள். அங்கே மட்டும் ஐந்தாறு சுரண்டல். இருபது தரம் மெல்ல இழுத்து விடுங்கள். எடுத்ததன் பலன் உடனே தெரியாது, மரம் கொஞ்சம் யோசித்துத்தான் வளையும். பிறகு பாருங்கள். ஓரிடம் மட்டும் முழங்கைபோல மடிந்தால் அதைத் தொடவே வேண்டாம், அதற்கு இரண்டு பக்கமும் எடுங்கள். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. எனக்கு இதற்கு மூன்று பின்னேரம் பிடிக்கும், வீட்டில் பேச்சும் விழும்.

நாணுக்கு மரல். கல்லடிப் பற்றைகளில் வாள்போல நிற்குமே, அதுதான். முற்றிய இலையைப் பலகையில் வைத்துக் கத்தியின் முதுகால் வழித்தால் சதை போய் வெள்ளை நார் மிஞ்சும். அலசி, நிழலில் காயவிட்டு, தொடையில் இரண்டு புரியாகத் திரியுங்கள். புரி ஒரு பக்கம் முறுகவேண்டும், இரண்டும் சேர்வது எதிர்ப்பக்கம். நார் தீருமுன் புதுநார் செருகுங்கள். இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் செருகினால் அங்கே அறும். வில்லின் வலுவைப்போல கிட்டத்தட்ட நாலு மடங்கு நாண் தாங்கவேண்டும். என் சோதனை: கொட்டில் வளையில் கட்டி 50 கிலோ சீமெந்துப் பையைத் தூக்கிவிடுவது. அரை மணித்தியாலம் தொங்கினால் நாண். மெழுகு தேய்த்து, ஒரு முனையில் கண்ணி, மறுமுனையில் சுருக்கு. நாண் ஏற்றியதும் பிடிக்கும் நாணுக்கும் இடையில் மூடிய கைமுட்டியும் நீட்டிய பெருவிரலும் நிற்கவேண்டும்.

கடைசியாகப் பராய் இலையால் தேயுங்கள். கடையில் வாங்கும் மட்டத்தாளைவிட அது எனக்குப் பிடிக்கும், மரத்தைக் கீறாது. மேலே வேப்பெண்ணெய். நாத்தம் இரண்டு நாளில் போகும்.

அம்பு தனிக்கதை, இங்கே எழுதவில்லை. ஒன்று மட்டும்: 1679இல் கண்டி அரசிலிருந்து தப்பி மன்னார்க்கரை அரிப்புக்கு வந்து சேர்ந்த ஆங்கிலக் கப்பலோட்டி ரொபேர்ட் நொக்ஸ், வேடர் அம்புமுனை வாங்குவதை எழுதியிருக்கிறார். இரவோடு இரவாகக் கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தூக்கிவிட்டு, வேண்டிய வடிவத்தில் வெட்டிய இலையையும் வைத்துப் போவார்களாம். என் பட்டறைக்கும் ஆட்கள் அப்படி அளவு எழுதி வைத்தால் எவ்வளவு நிம்மதி.

அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள். விசை முழுதும் வில்லுக்கே திரும்பி அடிக்கும். வைக்கோல் கட்டுக்கு எய்யுங்கள், பின்னால் ஆள் நடமாட்டம் இல்லாத பக்கமாக. மான் பக்கம் திருப்புவது சட்டப்படி குற்றம். எய்து முடிந்ததும் நாணைக் கழற்றி, இரண்டு முளையில் படுக்கையாக வையுங்கள். மாரியில் ஈரம் குடித்து வில் சோரும். அப்போது நான் எய்வதில்லை.

பெடியன் இப்போது தன் வில்லுக்குத் தானே தடி பிளந்து எங்கள் அட்டாளையில் போட்டிருக்கிறான். போன சனிக்கிழமை நிறை 1 கிலோ 340 கிராம். அதற்கு முதல் கிழமை 1 கிலோ 365. இன்னும் இறங்குகிறது.