தப்பியோடும் இரண்டு பேர்: தன்பாலீர்ப்புக் காதலர்களை வைத்து மதுரையில் ஒரு கிரைம் த்ரில்லர் எடுப்பது எப்படி

கதை எழுதும் முன் ஒரு லாட்ஜ் காட்சியை எழுதிப் பாருங்கள். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம், இரவு 11 மணி. வீட்டை விட்டு ஓடிவந்த ஆணும் பெண்ணும் என்றால் ரிசப்ஷனில் இருப்பவர் முதலில் கழுத்தைப் பார்ப்பார், தாலி இருக்கிறதா என்று. அப்புறம் இரண்டு பேர் ஆதாரையும் கேட்பார். காட்சி தானாக முறுக்கேறிவிடும். அதே இடத்தில் இரண்டு ஆண்கள் வந்து நின்றால்? அடையாள அட்டையின் நகல், அட்வான்ஸ், சாவி. "ஒரே கட்டிலா, தனித்தனியா?" என்று கேட்டால்கூட அது வாடகைக் கணக்குக்குத்தான்.

இந்தக் கதையின் சிக்கலும் வசதியும் இதுதான். ஒரே பைக்கில் ஒட்டி உட்கார்ந்து போகலாம், தோளில் கை போட்டு நடக்கலாம், ஒரே அறையில் படுக்கலாம். மதுரையில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். முன்பின் தெரியாதவன் கண்ணுக்கு அவர்கள் வெறும் நண்பர்கள். ஆபத்தெல்லாம் தெரிந்தவனிடமிருந்துதான் வரும். ஆகவே பார்க்கிறவர்களெல்லாம் சந்தேகப்படுவது போல எழுதாதீர்கள். சித்தப்பா மகன், பள்ளிக்கூடத் தோழன், ஒன்றாக வேலை பார்த்தவன் என்று நான்கே பேரை வைத்துக்கொண்டு, யாருக்கு எது எப்போது தெரிகிறது என்று ஒரு அட்டவணை போடுங்கள். திரைக்கதையின் முதுகெலும்பு அதுதான்.

குற்றம் எது?

காதலே குற்றம் என்று வைத்தால் கதை சட்டத்தில் நிற்காது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தவர்கள் சம்மதத்தோடு கொள்ளும் உறவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவிலிருந்து விலக்கிவிட்டது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே கிடையாது. சரி, வீட்டார் 'காணவில்லை' புகார் கொடுத்தார்கள், போலீஸ் துரத்துகிறது என்று வைக்கலாமா? அதிலும் ஓட்டை இருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்ப் பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, காணாமல் போனவர்கள் இப்படிப்பட்ட உறவில் இருக்கும் வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால், அவர்களிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும். உங்கள் கதை அதற்குப் பிறகு நடக்கிறதென்றால், விஷயம் தெரிந்த இன்ஸ்பெக்டர் பத்தாவது நிமிடத்திலேயே படத்தை முடித்துவிடுவார். விஷயம் தெரியாத இன்ஸ்பெக்டர் வேண்டுமானால், அவருக்குத் தெரியாது என்பதைக் கதைக்குள் காட்டியாக வேண்டும்.

ஆகவே நிஜமாகவே ஒரு குற்றம் தேவை. இந்த ஊருக்குப் பொருந்துவது தண்டல் பணம். ஒருவன் பைனான்ஸில் வசூலுக்குப் போகிறவன். பை காணாமல் போகிறது, கைகலப்பில் ஒரு உயிரும் போகிறது. இங்கே பலரும் சறுக்குவது பணத்தின் அளவில். 500 ரூபாய்த் தாளில் 4 லட்சம் என்பது எட்டே கட்டு, டிபன் கேரியருக்குள் அடங்கிவிடும், சூட்கேஸ் வேண்டாம். ஆனால் தண்டல் பணம் 500 ஆக வராது. 50, 100, 200 என்று, ரப்பர் பேண்ட் போட்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு வரும். அதே 4 லட்சம் ஒரு ரெக்சின் பையைப் புடைக்க வைக்கும். அந்தப் பையை எங்கே ஒளிப்பது என்பதே இரண்டு காட்சிகளுக்குத் தாங்கும். ரூபாய் நோட்டு மாதிரி அச்சடிப்பது குற்றம். கட்டின் மேலும் கீழும் அசல் தாள், நடுவில் அளவாக வெட்டிய வெள்ளைத்தாள் போதும்.

போலீஸ் எப்படிப் பிடிக்கும்?

சிம்மை உடைத்து வைகையில் எறிந்துவிட்டுத் தப்பும் காட்சியை விட்டுவிடுங்கள். சிம்மை மாற்றினாலும் போனின் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்) மாறாது. புது சிம் போட்ட உடனேயே பழைய போன் காட்டிக் கொடுத்துவிடும். (வைகையில் எறிந்தால் பெரும்பாலும் மணலில்தான் விழும், அது வேறு விஷயம்.) கார் என்றால் கப்பலூர் டோல்கேட்டில் ஃபாஸ்டேக் பதிவாகும். பைக்குக்கு டோல் கிடையாது, கேமராதான். ஹெல்மெட் முகத்தை மறைக்கும். டூப் போடவும் சௌகரியம். ஆனால் எந்தக் காட்சியில் யார் எந்த ஹெல்மெட் என்று கண்டினியூட்டி நோட்டில் (காட்சிக்குக் காட்சி உடை, பொருள் மாறாமலிருக்க எழுதும் குறிப்பு) குறிக்கவில்லை என்றால் எடிட்டிங்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

எந்தத் திசையில் ஓடுவது என்பதும் கதைதான். ராமேஸ்வரம் முட்டுச்சந்து; கடலோடு முடிகிற கதைக்கு மட்டும் அங்கே போங்கள். மேற்கே உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, போடி வழியாகப் போடிமெட்டு ஏறினால் கேரளா. நிலம் வறட்சியிலிருந்து பச்சைக்கு மாறுவதைக் காசு செலவில்லாமல் கேமராவில் பிடிக்கலாம், எல்லையில் செக்போஸ்ட்டும் இருக்கிறது. எங்கள் கணிப்பில் இதுதான் நல்ல பாதை.

அடுத்து, யாரும் அதிகம் தொடாத ஒரு முடிச்சு. மாட்டிக்கொண்ட பிறகு போலீஸ் இரண்டாம் குற்றவாளியை அப்ரூவராக்க, அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக்கப் பார்க்கும். கணவன் மனைவி என்றால், திருமண உறவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதைச் சாட்சியாகச் சொல்ல வைப்பதற்குச் சாட்சியச் சட்டத்தில் தடை உண்டு. இவர்களுக்கு அது கிடையாது. தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு ஒருவன் சொன்னது அப்படியே கோர்ட்டுக்கு வரலாம். ஆகவே அந்தப் பாய்க் காட்சியைப் படத்தின் நடுவிலேயே, காதல் காட்சியாக மட்டும், வெள்ளந்தியாக எடுத்து வையுங்கள். கனம் பின்னால் தானாக ஏறும்.

பேச்சு

மதுரைப் பேச்சில் இந்தக் கதைக்கென்றே ஒரு சொல் இருக்கிறது: மாப்ள. டீக்கடையில் எவனும் எவனையும் அப்படிக் கூப்பிடுவான். முதல் இருபது பக்கத்தில் நான்கைந்து பேர் வாயில் அது சாதாரணமாக வரட்டும். பிறகு அறைக் கதவைச் சாத்தியதும், இவர்களில் ஒருவன் அதையே மெதுவாகச் சொல்லட்டும். அந்த இடத்தில் இசை போடாதீர்கள், குளோசப்பும் வேண்டாம். கேட்கிறவனின் முதுகு போதும். 'தன்பாலீர்ப்பு' என்ற சொல்லைப் பாத்திரங்களின் வாயில் திணிக்க வேண்டாம். அது தீர்ப்புக்கும் பத்திரிகைக்கும் உரியது. ஊர்க்காரன் சொல்வது, "அவிங்க ரெண்டு பேரும் ஒரு மாதிரிய்யா." அதைச் சிரிப்புக்காக வைத்தீர்களானால் அரங்கமும் சிரித்துவிடும், அப்புறம் மீட்க முடியாது.

நெருக்கமான காட்சிகளுக்கு எது உண்டு, எது இல்லை என்று இரு நடிகர்களிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஒத்திகையை உடை போட்டபடியே நடத்துங்கள். எடுக்கும்போது அறையில் இயக்குநர், கேமரா, ஃபோகஸ், ஒலி என்று நாலு பேருக்கு மேல் வேண்டாம். மானிட்டரை வெளியே வைத்தால் தெருவே பார்க்கும்.

எடுப்பது

35 நிமிடப் படம் என்றால் 35 பக்கம், ஆறேழு நாள். பகலில் ஆறு பக்கம் முடியும், இரவு வெளிப்புறத்தில் மூன்று முடிந்தால் பெரிது. நொடிக்கு 24 ஃப்ரேம் வைத்து ஷட்டரை 1/50-ல் நிறுத்துங்கள், கோணக் கணக்கில் 172.8 டிகிரி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 1/48-ல் விட்டால் டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் சிமிட்டும், அதை எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு. 100 எம்பிபிஎஸ் பதிவுக்கு மணிக்கு 45 ஜிபி ஆகும். தினமும் இரண்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, இரண்டையும் வேறு வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.

தூங்கா நகரம் என்பதை லைட்டிங்கில் பயன்படுத்திக்கொள்ளலாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விடியுமுன்பே களைகட்டிவிடும். குண்டு பல்பும் மல்லிகை மூட்டையும் தலைச்சுமைக்காரர்களும் அங்கேயே இருக்கிறார்கள்; ஒளிந்து திரிகிற இரண்டு பேரைக் கூட்டத்துக்குள் விட்டு, 50 எம்எம் லென்ஸில் தள்ளி நின்று எடுங்கள். ஏலச் சத்தத்தில் வசனம் கேட்காது, டப்பிங்தான். இருந்தாலும் வெறும் சுற்றுச்சத்தத்தை மூன்று நிமிடம் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். அதை மறந்தால் டப்பிங் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒட்டாமல் நிற்கும்.

அனுமதி விஷயம்: பஸ் ஸ்டாண்ட் மாநகராட்சியுடையது. திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையுடையது. கீழக்குயில்குடி சமணர் மலைச் சின்னங்கள் மத்தியத் தொல்லியல் துறையின் கையில். மீனாட்சி கோயிலுக்குள் செல்போனே கொண்டுபோக முடியாது, கேமராவைப் பற்றிக் கனவு காணாதீர்கள். கோபுரம் வேண்டுமென்றால் சித்திரை வீதிப் பக்கம் ஏதாவது மொட்டை மாடி. ஜல்லிக்கட்டு மாடு ஃப்ரேமில் வந்தால் விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். சிகரெட் காட்டினால் படத்தில் எச்சரிக்கை வாசகம் ஓட வேண்டும். பொம்மைத் துப்பாக்கி எடுக்கிற அன்று அந்த ஸ்டேஷனில் எழுத்தில் தகவல் கொடுங்கள். காக்கிச் சட்டை போட்ட நடிகர் டீ குடிக்கப் போகும்போது மேலே ஒரு சட்டை மாட்டிக்கொள்ளட்டும், இல்லாவிட்டால் யாராவது நிஜப் புகாரோடு வந்து நிற்பார்கள்.

தியேட்டருக்கு என்றால் தணிக்கைச் சான்றிதழ். 2024 விதிகளில் யுஏ (பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்ற சான்றிதழ்) மூன்றாகப் பிரிந்திருக்கிறது: 7, 13, 16 வயதுக்கு மேல். இந்தக் கதைக்கு 16-ஐ எதிர்பார்த்தே வெட்டுங்கள்.

இன்செர்ட் ஷாட்டுகளை (பொருளை மட்டும் நெருக்கத்தில் காட்டுபவை) கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பணக்கட்டு, சாவி, ஃபாஸ்டேக் மெசேஜ், அப்புறம் சிறையில் பார்க்கப் போகும்போது கொடுக்கும் மனு. ஒருவன் உள்ளே, ஒருவன் வெளியே என்று முடித்தால், வெளியே இருப்பவன் பார்க்கப் போகும்போது 'உறவுமுறை' என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டும். பேனா அங்கே நிற்கும், பிறகு 'நண்பர்' என்று எழுதும். மேலிருந்து 100 எம்எம் மேக்ரோ, ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம், கை நிழல் கட்டத்தில் விழாமல். நடிகரே எழுதட்டும், வேறு கை வேண்டாம். ஒரு டேக்குக்கு ஒரு தாள் போய்விடும். படிவத்தைப் பத்து நகல் எடுத்து வையுங்கள்.