செல்லப் பிராணிகளுக்கு மைக்ரோசிப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு உரிமத்துடன், அடையாளம் காணத் தோலுக்கடியில் பொருத்தும் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியுள்ள நிலையில், பலர் முதன்முறையாக இதைப் பற்றிக் கேள்விப்படுகிறார்கள். அவர்களிடம் பரவலாகக் காணப்படும் தவறான எண்ணம், சிப் இருந்தால் நாய் எங்கே இருக்கிறது என்பதைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது. அரிசி மணியளவே உள்ள அந்தக் கண்ணாடிக் குப்பியில் மின்கலம் கிடையாது. ஸ்கேனரைச் சில சென்டிமீட்டர் தொலைவுக்குள் கொண்டுவரும்போது, அதன் ரேடியோ அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்று, சிப் தன் 15 இலக்க எண்ணைத் தெரிவிக்கும். அதற்கு மேல் எதையும் செய்யாது.

உரிமையாளரின் பெயரோ தொலைபேசி எண்ணோ சிப்பில் இல்லை. அவை சிப் எண்ணோடு சேர்த்துக் குறித்துவைக்கும் பதிவேட்டில்தான் உள்ளன. ஆகவே சிப்பைப் பொருத்தியதோடு வேலை முடிந்ததாக நினைத்துப் பதிவு செய்யாமல் விடுவதையே நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். எந்தப் பதிவேட்டில், யார் பெயரில் பதிவாகிறது என்று மருத்துவரிடம் அன்றே கேட்டு, எண் அச்சிட்ட ஒட்டியைத் தடுப்பூசி அட்டையில் ஒட்டி வைக்க வேண்டும். ஏற்கெனவே சிப் பொருத்திய குட்டியை வாங்கினால், பதிவு இன்னும் விற்றவர் பெயரிலேயே இருக்கக்கூடும். வீடோ கைப்பேசி எண்ணோ மாறும்போது திருத்தாத பதிவு, நாயைக் கண்டெடுத்தவரை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்காது.

பிராணியுடன் வெளிநாடு செல்வோர், முதலில் சிப், பிறகு தடுப்பூசி என்ற வரிசையைத் தவறவிடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, ரேபிஸ் தடுப்பூசிக்கு முன்போ அதே நாளிலோ சிப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். தடுப்பூசிக்குப் பிறகு பொருத்தினால், அந்த ஊசி கணக்கில் வராது. இந்தியாவிலிருந்து அங்கே செல்லும் நாய், பூனைகளுக்கு, ஊசி போட்டு 30 நாட்களாவது கழித்து எடுத்த இரத்தத்தில் ரேபிஸை எதிர்க்கும் புரதமான எதிர்ப்பொருளின் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும்; இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதங்கள் காத்திருக்கவும் வேண்டும். சிப்பைத் தாமதப்படுத்தினால் இவ்வளவையும் முதலிலிருந்து தொடங்க நேரும். பயணச்சீட்டு வாங்கிய பிறகு இதை அறிந்து தவிப்பவர்களைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

சிப்பைத் தேடுவதிலும் அவசரம் கூடாது. பொதுவாகத் தோள்பட்டைகளுக்கு நடுவே பொருத்தப்படும் சிப், காலப்போக்கில் மார்புக்கோ முன்னங்காலுக்கோ நகர்ந்துவிடலாம். உலோகக் கழுத்துப்பட்டையும் அலையைக் குலைக்கும். பட்டையைக் கழற்றி, உடல் முழுவதும் மெதுவாக ஸ்கேனரை நகர்த்திய பின்னரே சிப் இல்லை என்ற முடிவுக்கு வர வேண்டும். இன்று பரவலாக உள்ள, ஐ.எஸ்.ஓ. எனும் சர்வதேசத் தரத்தில் அமைந்த சிப்கள் 134.2 கிலோஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அமெரிக்காவில் முன்பு பொருத்தப்பட்ட பலவும் 125 கிலோஹெர்ட்ஸ் என்பதால், அங்கிருந்து வந்த பிராணியின் சிப் இங்குள்ள ஸ்கேனரில் தெரியாமல் போகலாம்.

காட்டுயிர்களுக்கும் அடையாளம் காணச் சிப் பொருத்துவதுண்டு; அவற்றில் பொருத்தும் இடமும் மாறும்: பறவைகளுக்கு மார்புத் தசையிலும், ஆமைகளுக்கு இடது பின்னங்காலின் அருகிலும் பொருத்துவது வழக்கம். பொருத்திய இடத்தைக் குறித்துவைக்காவிட்டால் அடுத்து வருபவருக்குத் தேடுவது சிரமம். நடமாட்டத்தைத் தொடர ரேடியோ கழுத்துப்பட்டைதான் வேண்டும். சிப், விலங்கு மறுபடி கைக்கு எட்டும்போது அது எதுவென்று சொல்லவே உதவும். அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் சால்மன் மீன்களைப் பிடிக்காமலேயே அவற்றின் சிப்களைப் படிக்க முடிவது, அணைகளைத் தாண்ட மீன்களுக்கென அமைத்த வழிகளில் ஆண்டெனாக்களை நிலையாக அமைத்திருப்பதால்தான்.

சிப் இருக்கிறதே என்று கழுத்துப்பட்டையை நீக்கிவிடாதீர்கள். தெருவில் நாயைக் காணும் அண்டைவீட்டாரிடம் ஸ்கேனர் இருக்காது. பட்டையில் எழுதிய தொலைபேசி எண்ணை அவர் அப்போதே அழைத்துவிடலாம். ஆண்டுதோறும் தடுப்பூசிக்குச் செல்லும்போது சிப்பையும் ஒருமுறை ஸ்கேன் செய்து, எண் சரியாக வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.