அப்பத்தாவின் பாட்டைப் போனில் பிடிப்பது எப்படி

என் முதல் முயற்சி வீண். போனை முகத்துக்கு நேரே நீட்டி, “பாடு அப்பத்தா” என்றேன். ஒரு சினிமாப் பாட்டில் இரண்டு அடி பாடிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்து, புளிக்குக் கொட்டை எடுக்கையில் நடவுப்பாட்டு தானாக வந்தது. அன்று போனில் சார்ஜ் இல்லை.

அதனால், பாடச் சொல்லாதீர்கள். கையில் வேலை கொடுங்கள். புளி, முருங்கைக்கீரை எதுவும் சரி. முறத்தில் புடைக்கிற வேலை மட்டும் வேண்டாம், சத்தத்தில் பாட்டு அமுங்கிப்போகும். தாலாட்டுக்குத் தூளியில் பிள்ளை கிடக்கவேண்டும். வெறும் தூளியை ஆட்டக்கூடாதாம். அக்கா தன் மகளோடு ஊருக்கு வரும்வரை காத்திருந்தேன்.

ஒப்பாரி வேறு சங்கதி. நல்ல நாளில் வீட்டுக்குள் ஒப்பாரி வைப்பது ஆகாது. செவ்வாய், வெள்ளியில் பேச்சே எடுக்காதீர்கள். கண்மாய்க்கரைப் புளியமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். தாத்தாவை நினைத்துத் தொடங்கியவள் கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே அழுதுவிட்டாள். பதிவை நிறுத்தித் தண்ணீர் கொடுத்தேன். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவள் சரி என்றால்தான் இன்னொருவர் காதுக்குப் போகும்.

போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். மடித்த துண்டின் மேல், பாடுபவர் வாய்க்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாகப் பிடிக்காதீர்கள், அது ஒலியைச் சுருக்கிவிடும். ரெக்கார்டர் செயலியில் ஒலியைச் சுருக்காத ‘வேவ்’ (WAV) வடிவம் இருந்தால் அதுதான் நல்லது, மோனோ, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று வைத்தால் நிமிடத்துக்கு 5 எம்பி அளவில்தான் பிடிக்கும். இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதுங்கள். அவள் ‘மல்லியப்பூ’ என்றால் நீங்களும் ‘மல்லியப்பூ’ என்றே எழுதவேண்டும். யாரிடம் கேட்டுப் படித்தாள், நாற்றுப் பறிக்கையில் பாடியதா, களை எடுக்கையிலா என்பதையும் கேளுங்கள். தாலாட்டில் மாமன் சீர் கொண்டுவரும் இடத்தில் அப்பத்தா தன் அண்ணன் பெயரைப் போட்டுப் பாடியிருந்தாள். வாய் தவறிவிட்டது என்று நினைத்து நான் அந்தப் பெயரை அடித்துவிட்டேன். அவளிடம் வாசித்துக் காட்டியபோதுதான் மாட்டினேன்: “எங்கண்ணனை எங்கடா காணோம்?”

நடவுப்பாட்டு முடிவில் குலவை வரும். அதற்கு முன் போனை நாலு அடி தள்ளி வைத்துவிடுங்கள். கிட்டத்தில் இருந்தால் ஒலி உடைந்துபோகும்.