ஜிகர்தண்டா கடை போர்டுக்கு பிரஷ் ஃபான்ட்: புள்ளி தப்பாமல் அமைப்பது

பிரஷ்ஷால் எழுதியதுபோல் துள்ளும் ஃபான்ட் கடையின் பெயருக்கு மட்டும்தான். விலை, முகவரி, போன் நம்பரெல்லாம் சாதாரண ஃபான்ட்டில் இருக்கட்டும்.

விளம்பரப் படத்தை நம்பி ஃபான்ட்டை எடுக்காதீர்கள். ‘ஜிகர்தண்டா, பன் பரோட்டா, கறி தோசை, பழ ஜூஸ்’ என்று நீங்களே அடித்துப் பாருங்கள். ஜி, ஜூ மட்டும் ஒல்லியாக வேறு ஜாடையில் வந்தால் அந்த ஃபான்ட்டில் கிரந்தம் இல்லை. கணினி வேறொன்றிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறது. ‘பரோட்டா’வில் ரகரமும் காலும் அடுத்தடுத்து நிற்கும். ரகரத்தின் அடிச்சாய்வு தேய்ந்திருந்தால் இரண்டும் காலாகத்தான் தெரியும். அந்த ஃபான்ட் வேண்டாம். கொம்பு ரகரத்துக்குப் பின்னால் போய் நின்றால் மட்டும் குற்றம் மென்பொருளுடையது. போட்டோஷாப்பில் வேர்ல்டு-ரெடி லேஅவுட் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது பொதுக்கணக்கு. பிரஷ் எழுத்துக்கு ஒன்றரை மடங்காவது வேண்டும். 8-க்கு 3 அடி போர்டில் ‘ஜிகர்தண்டா’ 10 அங்குல உயரத்தில் தாராளமாக உட்காரும்.

வம்பெல்லாம் புள்ளியில்தான். பிரஷ் ஃபான்ட்டில் புள்ளி எழுத்தின் தலையை ஒட்டியே இருக்கும். வெள்ளை அவுட்லைன் கொடுத்ததும் ஒட்டிக்கொள்ளும். ர், ண் இரண்டும் போனால் ‘ஜிகரதணடா’தான் மிச்சம். கோரல்டிரா மென்பொருளில் கண்ட்ரோல்+கியூ அடித்து எழுத்தைக் கர்வாக்கி (வெறும் கோட்டு வடிவமாக்கி), ஷேப் டூலால் புள்ளியின் நோட்களை (கோட்டின் பிடிமுனைகளை) மட்டும் வளைத்துப் பிடித்து, புள்ளியின் அகலத்தில் பாதி அளவுக்கு மேலே தூக்குங்கள். அவசரத்தில் பிரேக் அபார்ட் (துண்டு துண்டாகப் பிரிப்பது) கொடுத்தால் ணகரச் சுழிகள் அடைந்துபோகும்; அந்த எழுத்தின் துண்டுகளைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+எல் கொடுத்தால் திறந்துகொள்ளும். கர்வாக்கிய பின் எழுத்தை மாற்ற முடியாது, மூல ஃபைலைத் தனியே வையுங்கள்.

‘பரோட்டா’ போல டகரம் இரட்டித்தால் இரண்டும் அச்சுப்பிசகாமல் ஒன்றுபோலிருந்து, கையால் எழுதியதல்ல என்ற குட்டை உடைத்துவிடும். மாற்று வடிவம் இல்லாத ஃபான்ட்டானால் ஒன்றை 2 டிகிரி சாய்த்தாலே போதும். போல்டு பட்டன் பக்கம் போகவே வேண்டாம், சுழிகள் நிரம்பிவிடும்.

ஃப்ளெக்ஸுக்கு அனுப்புமுன் பத்தில் ஒரு பங்காக, 9.6 அங்குல அகலத்தில், ஏ4 தாளில் அடித்துச் சுவரில் ஒட்டி 3 அடி தள்ளி நின்று படியுங்கள். மதுரை விளக்குத்தூண் பக்கம் 30 அடி தள்ளி எதிர்வாடையில் நடப்பவருக்கு இப்படித்தான் தெரியும்.